நான்காம் மெட்டுக்கட்டை

லக்னோ
ஜமாதுல் அவ்வல் 9, ஹிஜ்ரி 1262

தக்கீ,

'என் கண்ணின் ஒளியே' என்று தொடங்க வேண்டிய இடம் இது. தம்பிக்கு எழுதும்போது அப்படித்தான் தொடங்க வேண்டும் என்று அப்பாஜான் பழக்கிவிட்டார். இன்று அந்தச் சொல் பேனாவில் ஏறமாட்டேன் என்கிறது. பரேலியிலிருந்து திரும்பி நாலு நாளாகிறது.

நஃபீசாவுக்கு பரேலியில் சம்பந்தம் பேசியிருந்தேன். பீன் வீணை வாசிக்கும் ஷேர் ஜமான் கானின் இளைய மகன். எனக்கு ஆண் வாரிசு இல்லை. நீயோ பீனைத் தொட்டவனில்லை. அதனால் நம் வீட்டுப் பொருளையே அவளுக்குச் சீதனமாகக் கொடுப்பது என்று முடிவு செய்தேன். நான் சொல்வது எந்தப் பொருள் என்று உனக்குத் தெரியும். தாத்தா கட்டியது, அப்பாஜான் காத்தது, ஊரில் எவனுக்கும் பெயர்கூடத் தெரியாத அந்த ராகம். கொடுத்த பிறகு கொடுத்த வீட்டார் அதை வாசிக்கக் கூடாது என்பது நம் ஆட்களின் வழக்கம். தெரிந்துதான் கொடுக்கச் சம்மதித்தேன். என் மகளை விட அது எனக்குப் பெரிதில்லை.

நகையைக் காட்டுவதுபோல் பொருளையும் காட்ட வேண்டும் அல்லவா? போன மாதமே ஷேர் ஜமான் கானை இங்கே வரவழைத்து, கதவைச் சாத்தி, அவர் ஒருவருக்கு மட்டும் வாசித்துக் காட்டினேன். கண் கலங்கி எழுந்து போனார்.

நிச்சயத்தன்று அவர் வீட்டில் கச்சேரி. தக்காணத்திலிருந்து டில்லிக்குப் போகிற வழியில் கரம் இலாஹி என்று ஒரு பீன்காரன் வந்து தங்கியிருந்தான். விருந்தாளி ஆயிற்றே என்று அவனையும் வாசிக்கச் சொன்னார்கள். அவன் தன் பீனை உறையிலிருந்து எடுத்தான். தண்டின் மேல் விரல் வைக்கும் மெட்டுக்கட்டைகள் அதிகமில்லை. தள்ளித் தள்ளி நின்றன. அந்த ராகத்தின் சுரங்களுக்கு மட்டும் கட்டை ஊன்றிய நம் பீன் போலவே. பிறகு வாசித்தான்.

தக்கீ, நம் வீட்டுப் பொருளை வாசித்தான். முந்நூறு பேருக்கு நடுவில்.

மிட்டாய்த் தட்டு கையிலிருந்தபடியே ஷேர் ஜமான் கான் எழுந்துவிட்டார். "என்ன கான் சாஹிப்? பொண்ணு வர்றதுக்கு முன்னாடியே சீதனம் ஊர்வலம் வந்துடுச்சே?" என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நிச்சயம் நடக்கவில்லை. பக்ரீத் வரைக்கும் பொறுப்பார்களாம். இது கடைத்தெருவில் கிடைக்காத பொருள் என்று அதற்குள் நான் நிரூபிக்க வேண்டும். இல்லாவிட்டால் வேறு பெண் பார்ப்பார்கள். அப்புறம் நஃபீசாவை எந்த வீட்டில் எடுப்பார்கள்?

அந்தப் பீன்காரன் ஹைதராபாத்தில் எட்டு மாதம் இருந்தவனாம். அந்த ஊரில் நம் இரத்தம் நீ ஒருவன்தான் இருக்கிறாய்.

எவ்வளவுக்கு விற்றாய்?

ஹைபத்


ஹைதராபாத்
ஜமாதுஸ் ஸானி 6

பாய்ஜான் அவர்களின் பாதங்களுக்கு,

நீங்கள் எழுதாவிட்டால் என்ன, நான் முறைப்படியே எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தைச் சித்திரக்கூடத்து வாசலில் நின்றபடி படித்தேன். உள்ளே போய் உட்கார்ந்தபோது என் தூரிகையை நானே மிதித்து ஒடித்திருந்தது தெரிந்தது. அணில் வால் மயிரில் நான் கட்டிய தூரிகை. கடிதத்தை மறுபடி படித்தேன். 'எவ்வளவுக்கு' என்ற இடம் வந்ததும் நிறுத்தினேன். அதற்கு மேல் ஒன்றும் எழுதவில்லை என்று தெரிந்தும் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

எனக்கு இரண்டு அதிர்ச்சி. நஃபீசாவுக்கு நிச்சயம் என்பதே எனக்கு இப்போதுதான் தெரியும். அவளை நான் தோளில் தூக்கிக்கொண்டு கோமதிக் கரைக்குப் போனவன். ஒரு வரி எழுதியிருக்கலாம். குற்றம் சாட்டுவதற்கு மட்டும் என் விலாசம் நினைவு வந்ததாக்கும்.

இரண்டாவதற்கு வருகிறேன். விற்பதற்கு என்னிடம் என்ன இருக்கிறது பாய்ஜான்? பீன் முன்னாலிருந்து அப்பாஜான் என்னை எழுப்பிவிட்ட நாள் உங்களுக்கு மறந்திருக்காது. சித்தப்பாமார் எல்லோரையும் வைத்துக்கொண்டு சொன்னார். "இவனுக்குக் கண்ணு மட்டுந்தான். காதை அல்லா வேற எவனுக்கோ குடுத்துட்டான். போடா, போய் கூட்டிப் பெருக்கு." நீங்கள் வாய்விட்டுச் சிரித்தீர்கள். அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அன்றிலிருந்து நான் விளக்கைப் பிடிப்பேன், கரி போடுவேன், மெழுகை உருக்குவேன். வாசிக்கும் நேரம் வந்தால் வெளியே அனுப்பிவிடுவார். அந்த ராகத்தை முணுமுணுக்கச் சொன்னால்கூட எனக்கு வராது. இன்று என் முன்னால் யாராவது வாசித்தால் நம்முடையதுதான் என்று அடையாளம் சொல்வேனா என்பதே சந்தேகம்.

அப்படிப்பட்டவன் எதை விற்பான்? குர்ஆன் மேல் கை வைத்துச் சொல்கிறேன். இந்த ஊரில் ஒரு ஆளிடமும் நம் வீட்டுப் பொருளைப் பற்றி நான் வாய் திறந்ததில்லை. கரம் இலாஹியை எனக்குத் தெரியும், மறைக்கவில்லை. என்னை வேலைக்கு வைத்திருக்கும் அமீர் பிரபுவின் வீட்டுக் கச்சேரிகளுக்கு வருவார். சித்திரக்கூடத்துக்கும் இரண்டு மூன்று தடவை வந்தார். வெற்றிலை போட்டுக்கொண்டு ஊர்வம்பு பேசுவார். அவ்வளவுதான்.

அவர் அதை எங்கே பிடித்தார் என்று அவரிடமே கேட்டீர்களா? கேட்டிருக்கமாட்டீர்கள். தம்பியைக் கேட்பது சுலபம்.

தக்கீ


லக்னோ
ரஜப் 4

தக்கீ,

கேட்டேன். அவ்வளவு மடையன் இல்லை நான். அன்றைக்கே கேட்டேன். உனக்கு எழுதவில்லை, ஏனென்றால் அவன் சொன்னதை நான் ஏளனமாகத்தான் எடுத்துக்கொண்டேன். உன் கடிதத்தைப் படித்தபின் அது முள்ளாகக் குத்துகிறது.

நான் கேட்டதும் ஷேர் ஜமான் கானும் சேர்ந்துகொண்டு சபையில் வைத்தே அவனை மடக்கினார்.

"உங்க உஸ்தாத் யாருங்க?"

"இதுக்கு உஸ்தாத் இல்லீங்க. ஒரு ஏடுதான்."

"ஏட்டுல எழுதியிருந்துச்சாக்கும்?"

"எழுதல. வரைஞ்சிருந்துச்சு."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவன் ஒன்றும் கோபப்படாமல், "சிரிங்க, எனக்கென்ன" என்று தந்தியைத் தளர்த்தி உறையில் போட்டுக்கொண்டான். மறுநாள் காலை டில்லிக்குப் போய்விட்டான். அது நழுவப் பார்க்கிறவன் பேச்சு என்றே நினைத்தேன். ஏடு வரைகிறவன் நீ. இதற்கு என்ன அர்த்தம் என்று நீதான் சொல்ல வேண்டும்.

இன்னொன்று. முதல் கடிதத்தில் எழுத மனம் வரவில்லை. இப்போது எழுதிவிடுகிறேன்.

அவனுக்குச் சுரங்களில் ஏறத் தெரிந்தது, இறங்கும் முறை தெரியவில்லை. பாட்டும் தெரியாது. அந்த நாலு வரிகள் அவனிடம் இல்லை. கட்டைகளின் மேல் சும்மா மேலும் கீழும் நடந்து பார்த்தான், அவ்வளவே. ஆனால் நான்காம் கட்டையில் விரல் வைத்து இழுத்தான் பார், நான் திரும்பி வாசலைப் பார்த்துவிட்டேன். அப்பாஜான் உள்ளே வருகிறார் என்று தோன்றியது. இறந்து இருபது வருடமான மனிதர். நான் வாசிக்கும்போது ஒரு நாளும் எனக்கு அப்படித் தோன்றியதில்லை.

நான் கிளம்பும்போது ஷேர் ஜமான் கானும் வாசலில் வைத்து ஒன்று சொன்னார். "தப்பா நினைக்காதீங்க கான் சாஹிப். உங்ககிட்ட கேட்டதைவிட அவன்கிட்ட கேட்டது சுத்தமா இருந்துச்சு." சின்ன வயதில் டில்லியில் அப்பாஜான் இந்தப் பொருளை வாசித்து ஒருமுறை கேட்டவர் அவர்.

நஃபீசா சாப்பிடுவதில்லை. அவள் அம்மா என்னோடு பேசுவதில்லை. வீட்டுக்குள் செருப்புச் சத்தம் மட்டும்தான் கேட்கிறது.

நிச்சயத்துக்கு உன்னைக் கூப்பிடாதது தப்புதான். நீ வந்தால் ஷேர் ஜமான் கான், "இந்தத் தம்பிக்கு ஏன் பொருளைக் கொடுக்கலை?" என்று கேட்பாரே, என்ன சொல்வது என்று யோசித்தேன்.

ஹைபத்


ஹைதராபாத்
ஷஃபான் 2

பாய்ஜான்,

முறைகளை எல்லாம் அப்புறம் எழுதுகிறேன். உட்காருங்கள். அண்ணியையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

விற்கவில்லை. ஆனால் கொடுத்தது நான்தான்.

எங்கள் அமீருக்காக ராகங்களின் சித்திரத் தொகுப்பு ஒன்று செய்தோம். ஒவ்வொரு ராகத்துக்கும் ஓர் ஏடு. ஓர் ஏட்டை ஒரே ஆள் வரைவதில்லை. வரைகோடு ஒருவர், வண்ணம் ஒருவர், முகம் மட்டும் எழுதுவதற்கு மூத்த உஸ்தாத் ஒருவர். பாட்டுக்காரர் வீட்டுப் பிள்ளை என்பதால் வாத்தியங்களையும் அதைப் பிடித்த கைகளையும் என்னிடம் விட்டுவிடுவார்கள். தோடி ராகத்துக்கான ஏட்டில், குளக்கரையில் ஒரு பெண் தோளில் பீன் சாய்த்து நிற்கிறாள். மான்கள் மேய்ச்சலை விட்டுவிட்டுக் கேட்கின்றன. வழக்கமான படம்தான். அமீர் பெரிய ஏடாகக் கேட்டதால் பீன் மட்டுமே ஒன்றரைச் சாண் நீளம் வந்தது.

மற்ற ஓவியர்கள் பீன் வரைந்தால் கட்டைகளை ஏணிப்படிபோல் சமமாகப் போட்டுவிடுவார்கள். பார்க்கிறவர்களுக்கும் அது போதும். எனக்கு அப்படிப் போட வரவில்லை. யோசிக்காமல்தான் வரைந்தேன் பாய்ஜான், கை அதன்போக்கில் போயிற்று. எனக்குத் தெரிந்த பீன் ஒன்றே ஒன்றுதான். வருடா வருடம் கோடை முடிந்ததும் அப்பாஜான் அதை மடியில் போட்டுக்கொண்டு பழைய மெழுகைச் சுரண்டி, புது மெழுகில் கட்டைகளை ஊன்றுவார். மெழுகுக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பவன் நான். அவர் காதால் தேடுவார். நான் கண்ணால் பார்ப்பேன். ஒரு கட்டை நகர்ந்தால் எவ்வளவு நகர்ந்தது என்று அவர் கேட்காமலே எனக்குத் தெரியும்.

உங்கள் கடிதத்தில் 'வரைஞ்சிருந்துச்சு' என்று படித்த உடனே அமீரின் நூலகத்துக்கு ஓடினேன். நூலகக்காரர் முறைத்தார். ஏட்டைப் பிரித்துப் பார்த்தேன். தலைப்பில் பொன்னெழுத்தில் 'தோடி'. அந்தப் பெண்ணின் தோளில் நம் வீட்டு பீன். கட்டைக்குக் கட்டை அதுவேதான். அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். நூலகக்காரர் எனக்கு நெஞ்சுவலி என்று தண்ணீர் கொண்டுவந்தார்.

அப்போதுதான் இன்னொன்று நினைவு வந்தது. கரம் இலாஹி சித்திரக்கூடத்துக்கு வந்தபோது அந்த ஏடு காய்ந்துகொண்டிருந்தது. ரொம்ப நேரம் குனிந்து பார்த்தார். வெற்றிலையைக்கூட மெல்ல மறந்துவிட்டார். பிறகு என்னைப் பார்த்து, "மேல தோடின்னு எழுதியிருக்கு. இந்தப் பொண்ணு கையில இருக்கிற பீன் தோடி வாசிக்காதே மியான். வேற என்னமோல்ல வாசிக்கும்?" என்றார். நான் சிரித்தேன். பெருமையாக இருந்தது பாய்ஜான்! பீன்காரர் ஒருவர் என் வேலையைப் பார்த்து இப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. "நல்லாப் பாருங்க, ஒரு மயிரிழை பிசகியிருக்காது" என்று நானே ஏட்டைத் தூக்கி அவர் கையில் கொடுத்தேன். வெளிச்சத்துக்கு எடுத்துப் போய் விரலால் அளந்து பார்த்தார். அளப்பதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இதோடு ஒரு நீளத் தாள் சுருட்டி அனுப்பியிருக்கிறேன். ஏட்டின் மேல், அடியில் உள்ளது தெரியும் மெல்லிய மான் தோல் வைத்துக் கோடு எடுத்து, பிறகு தோலை ஊசியால் குத்தி, கரித்தூளைத் தட்டித் தாளில் படி எடுத்தேன். அதைக் கட்டம் போட்டு நம் பீனின் நீளத்துக்குப் பெரிதாக்கி, ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு கோடு போட்டிருக்கிறேன். தாளின் ஒரு முனையைத் தந்தி தாங்கும் மேல்பாலத்திலும் மறுமுனையைக் கீழ்ப்பாலத்திலும் பொருத்திப் பாருங்கள். கோடுகள் கட்டைகளின் மேல் சரியாக விழும். அதற்கு மேல் என் குற்றத்துக்குச் சாட்சி வேண்டியதில்லை. என்ன தண்டனை என்று எழுதுங்கள். பரேலிக்கு வந்து முந்நூறு பேர் முன்னால் நடந்ததைச் சொல்லச் சொன்னாலும் வருகிறேன்.

எனக்கு ஒன்றும் கொடுக்கவில்லை என்று இத்தனை வருடம் உங்கள் எல்லோர் மேலும் கறுவிக்கொண்டிருந்தேன். என்னிடம் இருந்ததே எனக்குத் தெரியவில்லை.

தக்கீ


லக்னோ
ரமலான் 8

என் கண்ணின் ஒளியே, தக்கீ,

இந்தக் கடிதத்தை நிதானமாக எழுத முயன்று மூன்று தாளைக் கிழித்துவிட்டேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

உன் தாள் வந்ததும் அப்பாஜானின் பீனை இறக்கினேன். நஃபீசா ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள். பொருத்தினோம். முதல் கட்டை சரியாக விழுந்தது. இரண்டாவது சரி. மூன்றாவதும் சரி. 'பாவி, கண்ணா அது!' என்று வாய்விட்டே சொன்னேன். நான்காவது விழவில்லை. கோடு கட்டைக்குக் கீழே, ஒரு நெல் அகலம் தள்ளி நின்றது. அதற்கு அடுத்த இரண்டு கட்டைகளும் அப்படியே விலகி நின்றன. மற்றவை சரி.

உன் கைதான் பிசகியது என்று நினைத்தேன். அப்படி நினைத்தபோது சந்தோஷமாகக்கூட இருந்தது. அப்போது நஃபீசா, "மத்ததெல்லாம் சரியா வரைஞ்ச சித்தப்பாவுக்கு இந்த மூணு மட்டும் எப்படித் தப்பும்?" என்றாள். அவள் அம்மா கதவருகில் நின்றவள், "அந்த மூணுதானே லூ அனல்காத்து அடிச்ச வருஷம் விழுந்துச்சு?" என்றாள்.

அப்பாஜான் போன அடுத்த கோடை அது. வெயிலில் மெழுகு இளகி மூன்று கட்டைகள் கழன்று விழுந்தன. நானே மெழுகு காய்ச்சி, நானே காதால் தேடி ஊன்றினேன். மற்றவற்றை இன்றுவரை நான் தொட்டதில்லை, அவர் கை ஊன்றியபடியே இருக்கின்றன. சரியாக ஊன்றினேன் என்பதில் எனக்கு இம்மியும் சந்தேகம் இருந்ததில்லை. சந்தேகம் வர என்ன இருக்கிறது? காது இல்லாதவன் நீ, காது உள்ளவன் நான். வீட்டிலே அப்படித்தானே பேச்சு.

மெழுகைச் சூடாக்கி நான்காம் கட்டையை உன் கோட்டுக்கு நகர்த்தினேன். விரல் வைத்து இழுத்தேன்.

தக்கீ, அவர் வந்துவிட்டார். பரேலியில் வந்தது போலவே வந்துவிட்டார். பீனைக் கீழே வைத்துவிட்டு முற்றத்தில் போய் நின்றேன். இருபது வருடமாக நான் வாசித்தது அப்பாஜானுடைய ராகம் இல்லை. அதன் சாயலில் ஏதோ ஒன்று. தொடர்பே இல்லாத ஒருவன் படத்தைப் பார்த்து வாசித்தானே, அதுதான் அவருடையது. இதை எழுதும்போதுகூட எனக்கு நம்ப முடியவில்லை. நான் யார் வீட்டுப் பிள்ளை என்ற கேள்வியே வருகிறது.

கல்யாணத்தைக் காப்பாற்ற இப்போது ஒரு சுலபமான வழி இருக்கிறது. ஷேர் ஜமான் கானிடம் போய், 'அவன் வாசித்தது வேறு, நான் வைத்திருப்பது வேறு, நீங்களே காது கொடுத்துக் கேளுங்கள்' என்று சொல்லலாம். பொய்யும் இல்லை. அவரும் கேட்டுப் பார்த்து ஒத்துக்கொள்வார். என் கோணல் கட்டைகளை நகைப்பெட்டியில் வைத்து மகளை அனுப்பிவிடலாம். இரண்டு நாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். நஃபீசாவிடமே சொன்னேன்.

"பொய்யான நகையைப் போட்டு அனுப்பினா ஒருநாள் உரசிப் பாப்பாங்க, அப்பாஜான். அன்னிக்கு அந்த வீட்டுல நான்ல நிக்கணும்?" என்றாள்.

பரேலிக்குப் போய் உண்மையைச் சொல்லிவிட்டேன். உன் படத்தை, கரம் இலாஹியை, என் மூன்று கட்டைகளை, எல்லாவற்றையும். ஷேர் ஜமான் கான் முழுவதையும் கேட்டார். "பக்ரீத் முடிஞ்சதும் வாங்க. உங்க தம்பி கட்டை ஊனட்டும், நீங்க பாட்டோட வாசிங்க. டில்லியில நான் கேட்டதா இருந்தா எடுத்துக்கறேன். இல்லைன்னா சலாம்" என்றார்.

கரம் இலாஹியிடம் கட்டைகள் உண்டு, பாட்டு கிடையாது. என்னிடம் பாட்டு உண்டு, கட்டைகள் கிடையாது. உன்னிடம் கண் இருக்கிறது. தாள் போதாது, வெயிலில் சுருங்கும். நீயே வா. அப்பாஜான் பக்கத்தில் நின்றதுபோல் என் பக்கத்தில் வந்து நில். இந்த முறை கிண்ணத்தை நான் பிடிக்கிறேன்.

அன்று நான் சிரித்தது எனக்கும் நினைவிருக்கிறது.

உன் ஹைபத்


ஹைதராபாத்
ஷவ்வால் 1, ஈத்

பாய்ஜான்,

சேமியா பாயசம் வாயில் இருக்கும்போது உங்கள் கடிதம் வந்தது. விழுங்க மறந்துவிட்டேன். நீங்கள் பிசகுவீர்கள் என்று கனவில்கூட நான் நினைத்ததில்லை. என் கைதான் பிசகியிருக்கும் என்று நீங்கள் நினைத்தது போலவே நானும் முதலில் நினைத்தேன். பிறகு என் கை பிசகியிருந்ததா என்று ஏட்டை மறுபடி போய்ப் பார்த்தேன். இல்லை.

நாளை ஒரு வியாபாரிக் கூட்டத்தோடு கிளம்புகிறேன். தேன்மெழுகும் கரியும் அங்கேயே கிடைக்கும். நான் கண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு வருகிறேன்.

தக்கீ


ஹைதராபாத்
ரபீஉஸ் ஸானி 20, ஹிஜ்ரி 1263

பாய்ஜானின் பாதங்களுக்கும், அண்ணிக்கும் சலாம்.

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். நஃபீசாவிடமிருந்து கடிதம் வந்ததா? கல்யாணத்தன்று பல்லக்கு ஏறும்போது அவள் திரும்பிப் பார்த்தது உங்களை இல்லை, பின்னால் பட்டுறையில் தூக்கி வந்த பீனை. ஜாக்கிரதையாகத் தூக்குகிறார்களா என்று கவலை அவளுக்கு. அப்பாஜானின் பேத்தி என்பது அப்போது தெரிந்தது.

உங்களிடம் சொல்லாமல் வந்த விஷயம் ஒன்று இருக்கிறது.

பரேலிக்குக் கிளம்பும் முன் நம் வீட்டில் கட்டை ஊன்றி முடித்து நீங்கள் வாசித்தீர்களே, என்னை அறையை விட்டுப் போகச் சொல்லாமல். எனக்குக் காது இல்லை என்பது உண்மைதான். அது எப்படிப்பட்ட ராகம் என்று கேட்டால் இன்றைக்கும் சொல்லத் தெரியாது. ஆனால் உங்கள் விரல் எந்தக் கட்டைக்குப் போகப் போகிறது என்று ஒவ்வொரு தடவையும் எனக்கு முன்கூட்டியே தெரிந்தது. ஒருமுறைதான் வாசித்தீர்கள். இன்னொரு முறை என்று கேட்க வாயெடுத்தேன். உங்கள் தாடி நனைந்திருந்தது. கேட்கவில்லை. மறுவாரம் பரேலியில் அவர்களுக்காக வாசித்ததோடு அது நம் வீட்டை விட்டுப் போய்விட்டது. இனி நீங்கள் அதை வாசிக்கக் கூடாது. சரியாகக் கிடைத்த பிறகு இரண்டே முறை.

சொல்ல வந்தது அதன் பிறகு நடந்தது. பரேலியில் நீங்கள் வாசித்து முடித்ததும் ஷேர் ஜமான் கான், "இதுதான். டில்லியில கேட்டது இதேதான்" என்று எழுந்து உங்களைக் கட்டிக்கொண்டார். எல்லோரும் சர்பத் குடிக்கப் போனார்கள். அவர் என் முழங்கையைப் பிடித்து நிறுத்தினார்.

"கரம் இலாஹியப் பத்தி எனக்குக் கவலையில்ல. பாட்டு இல்லாம அவன் எத்தன நாள் ஓட்டுவான்? ஆனா அந்த ஏடு இருக்கே, மியான். நாளைக்கு இன்னொருத்தன் பாப்பான்."

"அது அமீரோட ஏடுங்க. நான் என்ன பண்ண?"

"கொடுத்த வீட்டுக்காரங்க வாசிக்கக் கூடாதுன்னு வழக்கம். உங்க அண்ணன் கைய எடுத்துட்டாரு. உங்க கையும் அந்த வீட்டுக் கைதானே?"

நான் தலையாட்டிவிட்டேன். அண்ணனுக்குச் சமமாக என் கையை ஒருவர் எண்ணினாரே என்ற பூரிப்பில் ஆட்டிவிட்டேன். என்ன கேட்டார் என்று விளங்கியபோது நர்மதையைத் தாண்டியிருந்தோம். நடுவழியில் நின்றுவிட்டேன். பின்னால் வந்த மாட்டுக்காரன் திட்டினான்.

போன வாரம் கல்கத்தாவுக்கு அன்பளிப்பாக அனுப்ப அந்தத் தொகுப்பை நகல் எடுக்கச் சொல்லி உத்தரவு வந்தது. மூல ஏடுகளையே சித்திரக்கூடத்துக்குக் கொடுத்தனுப்பினார்கள். தோடி என் மடியில் வந்து விழுந்தது. நகலில் கட்டைகளைச் சமமாகப் போட்டேன். ஏணிப்படி போல. அது கடினமில்லை.

பிறகு மூலத்தை எடுத்தேன். என் வாழ்நாளில் நான் ஒழுங்காகச் செய்தது அந்த ஒன்றரைச் சாண்தான் பாய்ஜான். அப்பாஜான் என்னை எழுப்பிவிட்டதற்கு அதுதான் பதில் என்று உங்கள் வீட்டிலிருந்து திரும்பும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். மழுங்கிய கத்தியால் சுரண்டினேன். வண்ணம் பொடியாக உதிர்ந்தது, ஊதிவிட்டேன். நான்காம் கட்டையைக் கடைசியாக வைத்துக்கொண்டேன். அதையும் எடுத்தேன். தண்டின் நிறத்தைப் பூசி, அகேட் என்னும் வழவழப்பான கல்லால் தேய்த்துப் பளபளப்பாக்கி, புதிதாகக் கட்டைகள் போட்டேன். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் ஒரே இடைவெளி. அந்தப் பெண் இனி எதுவும் வாசிக்கமாட்டாள். மான்கள் தம் பாட்டுக்குக் கேட்டுக்கொண்டு நிற்கும்.

நீங்கள் வாசிக்கப் போவதில்லை. நான் வரையப் போவதில்லை. நான் அனுப்பிய தாளும் பீனோடு போய்விட்டது, இனி நஃபீசாவின் வீட்டில் மட்டும்தான் இருக்கிறது.

முகம் எழுதும் மூத்த உஸ்தாத் வந்து ஏட்டை வாங்கி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தூரத்திலும் கிட்டத்திலும் வைத்துப் பார்த்தார்.

"முன்னாடி இந்தக் கட்டையெல்லாம் தாறுமாறா கெடந்துச்சு, சொல்லணும்னே நெனச்சேன். இப்பதான் தக்கீ பாக்க லட்சணமா இருக்கு" என்றார்.

"ஆமாங்க" என்று சொல்லிவிட்டு, தூரிகையைக் கழுவப் போனேன்.

தக்கீ